போகவொட்டாதிருந்தார்: நெயாப்போலி முதல் பெரோயா வரை

முதல் நாள், கவாலா

இன்று மதியம் கிரேக்க நாட்டுக் கவாலா வந்து சேர்ந்தோம். வேதாகமத்தில் நெயாப்போலி என்று அப்போஸ்தலர் 16-இல் ஒரே ஒரு வசனத்தில் வந்துபோகிற ஊர் இது. அப்போஸ்தலன் பவுல் துரோவாவில் கப்பல் ஏறி, சாமோத்திராக்கே தீவு வழியாக மறுநாளே இங்கே இறங்கியிருக்கிறார். நாங்கள் கப்பலில் வரவில்லை, தெசலோனிக்கேயில் விமானம் இறங்கி இரண்டரை மணி நேரம் பேருந்தில் வந்தோம்.

முதலில் போட்ட திட்டம் இது இல்லை. துருக்கியில் இருக்கிற துரோவாவில் தொடங்கி கொரிந்து வரைக்கும், பவுலின் இரண்டாம் பயணத்தில் ஐரோப்பாப் பகுதி முழுவதையும் ஒரு குழுவாகப் போய்ப் பார்ப்பது, ஒவ்வொரு ஊரிலும் என் கணவர் அந்தந்த அதிகாரத்தை எடுத்துப் பேசுவது, இப்படித்தான் வருஷக்கணக்காகப் பேசி வைத்திருந்தோம். அவர் 22 வருஷம் சபை ஊழியம் செய்தவர். பவுலின் பயணங்கள் என்றால் அவருக்கு உயிர். வரைபடத்தைப் பார்க்காமலே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார்.

போன வருஷம் பிப்ரவரியில் ஒரு காலை முகம் கழுவிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. பக்கவாதம், மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் தளர்ந்துபோயின, அதைவிடப் பெரிதாகப் பேச்சு போனது. மருத்துவர்கள் இதை அஃபேசியா என்கிறார்கள். நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, சொல்ல வேண்டியது என்ன என்பதும் மனசுக்குள் இருக்கிறது, வார்த்தைதான் வர மறுக்கிறது. இன்றைக்கு அவரிடம் மிஞ்சியிருப்பவை மூன்று சொற்கள்: சரி, இல்ல, அது. தண்ணீரும் ‘அது’, ஜன்னலும் ‘அது’, மகளின் பெயரும் ‘அது’.

குழு கலைந்துபோனது. போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். மகள் “அப்பாவால முடியுமாம்மா?” என்று கேட்டபோது, அவர் இடது கையால் வரைபடத்தை இழுத்து நெயாப்போலிமேல் விரலை வைத்து “அது” என்றார். துரோவாவை விட்டுவிடலாம், பயணத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், மடக்கு சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளலாம். சரி என்று கிளம்பிவிட்டோம், நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சாயங்காலம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற புனித நிக்கோலா ஆலயத்துக்குப் போனோம். ஒரு காலத்தில் மசூதியாக இருந்த கட்டடம் அது. வெளியே பெரிய மொசைக் சுவர், அதில் ஒரு பக்கம் துரோவாவில் பவுல் கண்ட தரிசனம், இன்னொரு பக்கம் அவர் இங்கே கரையில் கால் வைக்கிற காட்சி. அதற்கு முன்னால் நாற்காலியை நிறுத்திவிட்டு நான் அதிகாரத்தை வாசித்தேன். அன்றைய ரோம மாகாணமான ஆசியாவில் பேசக்கூடாதென்று ஒரு தடை. சரி, பித்தினியாவுக்காவது போகலாமென்று பார்த்தால், “ஆவியானவரோ அவர்களைப் போகவொட்டாதிருந்தார்.” நம்முடைய பழைய மொழிபெயர்ப்பின் இந்தச் சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் இன்றைக்குத்தான் அது எவ்வளவு கறாரான சொல் என்று பட்டது. ஏன் என்று ஒரு விளக்கமும் கிடையாது. இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது, பவுலும் கூட இருந்தவர்களும் கடலோரத்தில் வந்து நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒன்றை அவர் பிரசங்கத்தில் தவறாமல் சொல்வார், அதை இங்கே அவருக்குப் பதிலாக நான் எழுதிவிடுகிறேன். அந்த அதிகாரத்தில் 8-ஆம் வசனம் வரைக்கும் ‘அவர்கள்’ போனார்கள் என்று இருக்கும். 10-ஆம் வசனத்தில் திடீரென்று ‘நாங்கள்’ என்று மாறிவிடும். எழுதுகிற லூக்கா துரோவாவில்தான் அவர்களோடு சேர்ந்துகொள்கிறார். பித்தினியா திறந்திருந்தால் பவுல் துரோவாவுக்கு வந்திருக்கவே மாட்டார். பிரியமான வைத்தியன் என்று பிற்பாடு பவுல் எழுதுகிற அந்த மனிதர், மூடின கதவுக்கு வெளியே கிடைத்தவர்.

இரண்டாம் நாள், பிலிப்பி

கவாலாவிலிருந்து பிலிப்பி 15 கிலோமீட்டர்தான். காலையிலேயே ஒரு டாக்சி பிடித்தோம். ஓட்டுநர் சக்கர நாற்காலியைப் பார்த்ததும், இடிபாடுகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள், அங்கே நிழல் இருக்கிறது, தரை சமமாக இருக்கிறது என்று சைகையிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார். கேட்டது நல்லதாகப் போயிற்று.

லீதியாள் ஞானஸ்நானம் பெற்ற இடம் என்று காட்டுவது சிக்காக்டிஸ் என்கிற சின்ன ஆற்றின் ஒரு வளைவு. ஆறு என்று நான் மனசில் வைத்திருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாய்க்கால் அளவுதான், ஆனால் தண்ணீர் தெளிந்து வேகமாக ஓடுகிறது. கரையில் கல் படிகள், அரைவட்டமாக உட்கார இடம், மேலே மரங்கள். அவருடைய வலது கால் பட்டையைக் கழற்றினேன். அந்தப் பட்டையின் ஒட்டுப்பட்டியைப் பிரிக்கிற சர்ர் என்ற சத்தம் எங்கள் வீட்டில் காலையும் இரவும் கேட்கிற சத்தம், இங்கே தண்ணீர்ச் சத்தத்தோடு கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. காலைத் தண்ணீரில் வைத்தார். வலது பாதத்தில் உணர்ச்சி குறைவு, குளிர் தெரிந்ததோ என்னவோ, ஆனால் விரல்கள்மேல் தண்ணீர் பிரிந்து ஓடுவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரிசனத்தில் பவுலிடம் வந்து “எங்களுக்கு உதவிசெய்யவேண்டும்” என்று கேட்டது ஒரு மக்கெதோனியா தேசத்து ஆண். வந்து பார்த்தால் ஆற்றங்கரையில் கூடியிருந்தது பெண்கள். அதில் வசனத்தைக் கவனித்துக் கேட்டது இரத்தாம்பரம் விற்கிற லீதியாள், அவளும் இந்த ஊர்க்காரி இல்லை, பவுலுக்கு முதலில் தடையாயிருந்த அதே ஆசியா நாட்டுத் தியத்தீரா ஊராள்! பவுல் ‘கனவில் கண்ட ஆள் எங்கே’ என்று தேடிக்கொண்டு நிற்கவில்லை. உட்கார்ந்து, அங்கே இருந்தவர்களோடு பேசினார். நான் அந்தக் கல்படியில் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் நான் இன்னும் பழைய ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சாப்பாட்டு மேஜையில் விடாமல் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரை. இருபது மாதமாகிறது, இன்னும் தேடுகிறேன்.

அப்புறம் இடிபாடுகள். கி.மு. 356-இல் இரண்டாம் பிலிப்பு ராஜா தன் பெயரை வைத்த பட்டணம், கி.மு. 42-இல் ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களை ஆண்டனியும் ஒக்டேவியனும் தோற்கடித்த போர்க்களம், பிறகு ரோமக் குடியேற்றம், 2016-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். எக்னேஷியா என்கிற ரோமர் நெடுஞ்சாலையின் பழைய கற்கள் அப்படியே கிடக்கின்றன, அதில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடம் தெரிகிறது. எங்கள் சக்கரமும் அதில் சிக்கிக்கொண்டது, பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள் ஒன்றும் கேட்காமலே நாற்காலியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

பவுலின் சிறை என்று காட்டுகிற இடம் கம்பி போட்டு அடைத்த ஒரு சின்னக் கல்லறை போன்ற குழி. உண்மையில் அது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் பலருடைய கருத்து, பிற்காலக் கிறிஸ்தவர்கள் அதைச் சிறை என்று போற்றி வந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. இந்த இடமோ, இன்னும் நூறு அடி தள்ளியோ, இந்த ஊரில் ஒரு நடுராத்திரியில் முதுகெல்லாம் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு இருந்த இரண்டு பேர், பவுலும் அவரோடு வந்த சீலாவும், பாடினார்கள்.

நான் அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் பாட ஆரம்பித்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அஃபேசியா வந்தவர்களில் சிலர் ஒரு வார்த்தை பேச முடியாவிட்டாலும் பழகின பாட்டைப் பாடிவிடுவார்கள். பேச்சுக்கு மூளையின் இடது பக்கம் முக்கியம், ராகத்துக்கு வலது பக்கமும் துணை நிற்கிறது, அதனால் அந்த வழி தப்பிப் பிழைத்திருக்கலாம் என்று எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். ராகத்தை வைத்தே பேச்சை மீட்கிற ஒரு பயிற்சி முறை 1970-களிலிருந்தே இருக்கிறது. நாங்களும் அதைச் செய்துகொண்டிருக்கிறோம். வீட்டில் அவர் முணுமுணுப்பார், ஒரு வரி வரும், நின்றுவிடும். இன்றைக்கு மூன்று சரணம் முழுசாக வந்தது, வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. குரல் கரகரவென்று இருந்தது, இடது கை தொடையில் தாளம் போட்டது. அவருடைய அம்மா தூங்க வைக்கப் பாடின பாட்டு அது. பக்கத்தில் நடந்துபோனவர்கள் நின்றார்கள். ஒரு வயதான அம்மா கம்பியில் கையை வைத்து அப்படியே நின்றுவிட்டார். “காவலில் வைக்கப்பட்டவர்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்” என்று லூக்கா எழுதின அந்தப் பாதி வசனத்தை நான் இதுவரைக்கும் கவனித்ததே இல்லை.

பாட்டு முடிந்ததும் அவர் என்னிடம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். முகமெல்லாம் அந்த வார்த்தை நிற்கிறது. “அது…” என்றார். மறுபடியும், “அது… அது…” அழுதுவிட்டார், நானும்தான். பவுலுக்கும் சீலாவுக்கும் பூமி அதிர்ந்து கட்டுகள் கழன்றுபோயின. எங்களுக்குக் கழலவில்லை. பட்டையை மறுபடியும் மாட்டிவிட்டு டாக்சிக்குத் திரும்பினோம். ஆனால் அவர் பாடினார். இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், ஒன்றை மட்டும் சாட்சியாகச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

மூன்றாம் நாள், வழியில்

“அம்பிபோலி பட்டணத்தையும் அப்பொலோனியா பட்டணத்தையும் கடந்து” தெசலோனிக்கேக்கு வந்தார்கள் என்று ஒரே வரியில் லூக்கா முடித்துவிடுகிறார். நாங்களும் அப்படித்தான். அம்பிபோலியில் மட்டும் சிங்கத்தைப் பார்க்க வண்டியை நிறுத்தினோம். ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், கி.மு. நான்காம் நூற்றாண்டுச் சிலை. 1912-இல் போர்வீரர்கள் துண்டு துண்டாகக் கண்டெடுத்து, 1937-இல் ஒட்டவைத்து நிறுத்தியிருக்கிறார்கள். கிட்டே போனால் எது பழைய கல், எது பிற்பாடு இட்டு நிரப்பினது என்று தெரிகிறது.

ராத்திரி தெசலோனிக்கே. அவருக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது.

நான்காம் நாள், தெசலோனிக்கே

காய்ச்சல் 102. பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும், சாப்பாடோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து, அதனால் காய்ச்சல் என்றாலே எனக்குக் கை நடுங்கும். விடுதிக்காரர்கள் ஒரு மருத்துவரை வரவழைத்தார்கள். நெஞ்சில் வைத்துப் பொறுமையாகக் கேட்டார், முன்னாலும் பின்னாலும். நுரையீரல் தெளிவாக இருக்கிறது, மருந்து கொடுங்கள், ஓய்வு வேண்டும், நீண்ட பயணம் கூடாது என்றார். அத்தேனே, அதாவது ஏதென்ஸ், போச்சு, கொரிந்துவும் போச்சு. மகளைக் கூப்பிட்டேன், “நீ அழாதம்மா, இங்கிருந்தே திரும்புற மாதிரி டிக்கெட்டை மாத்திடறேன்” என்றாள். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

கோபம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். இவ்வளவு சுருக்கின பிறகுமா, ஆண்டவரே.

அவர் தூங்கும்போது தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபத்தை எடுத்தேன். இந்த ஊரிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற வேண்டிவந்த பவுல், பிற்பாடு இவர்களுக்கு எழுதுகிறார்: ஒருதரம் இரண்டுதரம் வர மனதாயிருந்தோம், “சாத்தானோ எங்களைத் தடைபண்ணினான்.” பித்தினியாவுக்குப் போகிற வழியில் தடுத்தது ஆவியானவர். இங்கே திரும்பி வருகிற வழியில் தடுத்தது சாத்தான். ரோமர் முதல் அதிகாரத்தில், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன், இதுவரைக்கும் தடையுண்டாயிற்று என்கிறார், யார் தடுத்தது என்று அந்த வசனத்தில் இல்லை.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குள் ஏதோ இறுக்கம் விட்டது. எங்கள் வீட்டில் இது நடந்த நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். தேவசித்தம் என்றார்கள். சத்துருவின் போராட்டம் என்றார்கள். வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கிறதா பாருங்கள் என்று ஒருவர், அன்பாகத்தான், என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் கேள்வி எனக்குள் பல மாதம் கிடந்து அரித்தது. பவுலே எல்லாத் தடைக்கும் ஒரே பெயர் வைக்கவில்லை. ஒன்றுக்குப் பெயரே வைக்காமல் விட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார், கடிதம் எழுதியிருக்கிறார். இந்த ஊருக்குத் திரும்ப வர முடியாததால்தான் அந்த நிருபமே நம் கையில் இருக்கிறது. இதனால் தடை நல்லதாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. பக்கவாதம் நல்லது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். யார் இதைச் செய்தது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நாளைக்கு எழுந்திருப்பேன் என்று நான் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஐந்து, ஆறாம் நாட்கள்

அறையிலேயே. ஐந்தாம் நாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. மாத்திரையைப் பொடித்துக் கரைத்துக் கொடுப்பது, தலையைச் சாய்த்துப் பிடிப்பது, துணி துவைத்துக் காயப்போடுவது என்று இரண்டு நாளும் போய்விட்டது. பவுல் இந்த ஊரில் ஒருவருக்கும் பாரமாயிராதபடி இரவும் பகலும் வேலை செய்தோம் என்று எழுதுகிறார், அவர் கூடாரத் தொழிலாளி. பிரசங்கம் மட்டும்தான் நமக்குக் கேட்கிறது, ஊசியும் தோலும் பிடித்த அந்தக் கைகள் கேட்பதில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் பத்து நிமிஷம் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனேன். வெள்ளைக் கோபுரம் வரைக்கும் போகவில்லை. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு “சரி” என்றார், எனக்கும் சரி என்றுதான் இருந்தது.

ஏழாம் நாள், பெரோயா

இன்றைக்கு வெரியா என்கிறார்கள். தெசலோனிக்கேயிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டுதான் வந்தோம். இங்கே பவுல் நின்று பேசினதாக ஊரார் காட்டுகிற இடத்தில் பளிங்கில் ஒரு நினைவு மேடை கட்டியிருக்கிறார்கள். நடுவில் பவுல், பக்கத்தில் மொசைக் படங்கள், பழைய கற்படிகள் சிலவற்றையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். யாருமில்லை. ஒரு பூனை படியில் படுத்திருந்தது.

இந்த இடத்தில் அவர் பேசுவதாக இருந்தது. பெரோயா பட்டணத்தார் பற்றி அவரிடம் ஒரு பிரசங்கம் உண்டு, கேட்டதை அப்படியே விழுங்காமல் “காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று” தினந்தோறும் ஆராய்ந்து பார்த்தவர்களை வேதம் நற்குணசாலிகள் என்கிறது, கேள்வி கேட்பது அவிசுவாசம் இல்லை என்று. நான் அதை எத்தனையோ முறை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எழுந்து நின்று நான் எதையும் வாசித்ததில்லை, அது அவர் வேலை என்றே இருந்துவிட்டேன்.

இன்றைக்கு எழுந்து நின்றேன். வேதாகமத்தை விரித்து அவர் மடியில் ஒரு பக்கம், என் கையில் ஒரு பக்கம் இருக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு அப்போஸ்தலர் 17-ஐச் சத்தமாக வாசித்தேன். அவர் இடது சுட்டுவிரல் வரிமேல் ஊர்ந்து வந்தது. 13-லிருந்து கண் தவறி 15-க்குத் தாவிவிட்டேன் போலிருக்கிறது. விரல் நின்றது. காகிதத்தில் இரண்டு முறை தட்டினார்.

“இல்ல.”

திரும்பிப் பார்த்தேன். விடுபட்டது 14-ஆம் வசனம்: “உடனே சகோதரர் பவுலைச் சமுத்திரவழியாய்ப் போக அனுப்பிவிட்டார்கள்.” அதை வாசித்தேன். விரல் மறுபடியும் நகர்ந்தது.

அடுத்தது அத்தேனே. மார்ஸ் மேடை, அறியப்படாத தேவனுக்கு என்று எழுதியிருந்த பலிபீடம், எல்லாம் அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. பேருந்துக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், “சரி” என்றார். பூனைக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அத்தேனேயையும் இங்கேயே கடைசி வசனம் வரைக்கும் வாசித்து முடித்தேன்.